மூடிய ஸ்டோரில் ரோலர் ஓடும் சத்தம்: மாணவர் திகில் குறும்படத்துக்கு ஒலியையும் இசையையும் திட்டமிடுவது எவ்வாறு?

தொங்கல்_காம்பரா (கொட்டகலை)

அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டுப் பெறுபேறுகளுக்காகக் காத்திருக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஏறத்தாழ 20 நிமிடம் ஓடக்கூடிய திகில் குறும்படம் ஒன்றை எடுக்க முடிவு செய்திருக்கிறோம். எங்கள் குழுவில் உள்ள இரண்டு பெண்பிள்ளைகளில் ஒருத்தியான என்னிடம் ஒலியும் இசையும் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன.

கதையின் முடிச்சே ஓர் ஒலியில் இருப்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல ஆண்டுகளாக மூடிக்கிடக்கும் தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) ஒன்றின் காவற்காரர் திடீரென்று காணாமற்போகிறார். அன்று முதல் நள்ளிரவுகளில் அந்த ஸ்டோரிலிருந்து, கொழுந்தை உருட்டி அரைக்கும் இயந்திரமான ரோலர் ஓடும் சத்தம் வருகிறது. லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி அறையில், பரீட்சைக்காக விழித்திருந்து படிக்கும் மாணவியின் காதுக்கு மட்டுமே அது எட்டுகிறது. பகலில் வேலை செய்து களைத்தவர்கள் அந்நேரத்தில் ஆழ்ந்து உறங்குவதால், அவள் சொல்வதை யாரும் நம்புவதில்லை. கடைசிக் காட்சியில் அவள் தனியாக ஸ்டோருக்குள் போகிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

எங்களிடம் ஒரு பூம் மைக்கும், கையடக்க ரெக்கோடர் ஒன்றும், கைபேசிகளும் இருக்கின்றன. படம் முழுவதும் பின்னணி இசை ஓட வேண்டும் என்று எங்கள் இயக்குநர் விரும்புகிறார். அப்படிச் செய்தால் ரோலரின் சத்தம் இசைக்குள் புதைந்துபோய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் திட்டமிடலை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒலிமேசை (கண்டி)

தங்கைக்கு வணக்கம். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மைக்கைத் தொடுவதற்கு முன்பு திரைக்கதையை எடுத்து, உரையாடல்களை எல்லாம் மறைத்துவிட்டு, ஒவ்வொரு காட்சியிலும் காதுக்கு என்ன எட்டுகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். எழுதும்போது அந்த ஒலியை யாருடைய காதால் கேட்கிறோம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கதையில் இதுவே தலையாய கேள்வி. தாயார் விழித்தெழுந்து காது கொடுக்கும் காட்சியில் பார்வையாளருக்கு ரோலர் கேட்குமானால், மகள் சொல்வது உண்மை என்று நாம் அறிந்துகொள்வோம், தாயார் அறியமாட்டார். அப்போது நமக்கு வருவது மகளைக் குறித்த பதைப்பு. அதே காட்சியில் நமக்கும் கேட்காமற்போனால், அவளுடைய மனநிலையையே சந்தேகிக்கத் தொடங்குவோம். இவ்விரண்டில் எது வேண்டும் என்பதைப் படத்தொகுப்பு மேசையில் முடிவு செய்ய முடியாது. தாயாராக நடிப்பவர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தவை. ஆகவே இயக்குநருடன் அமர்ந்து அதை முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

பதிவு செய்யும்போது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்ற அளவை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் உச்சம் மீற்றரில் −12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். அழுகையோ அலறலோ வந்தாலும் பதிவில் ஒலி உடையாது. ஒவ்வொரு இடத்திலும் காட்சி முடிந்தவுடன், எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடமாவது தனியே எடுத்துவையுங்கள். லயக் காம்பராவின் அமைதி வேறு, இஸ்தோப்பின் (முன் திண்ணையின்) அமைதி வேறு, ஸ்டோருக்குள் இருக்கும் அமைதி வேறு. திகில் படத்தில் அமைதி என்று நாம் உணர்வதெல்லாம் இந்த வெறும் ஒலிதான். ட்ராக்கில் ஒன்றுமே இல்லாமல் விட்டால் ஒலிபெருக்கி பழுதடைந்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார்.

குளிரில் நின்ற மைக்கை அடுப்பு எரியும் காம்பராவுக்குள் அப்படியே கொண்டுபோகாதீர்கள். அதன் மீது ஈரம் படிந்து, பதிவில் பொரியும் சத்தம் வரும். பைக்குள் மூடிவைத்து, உள்ளே இருக்கும் வெப்பத்துக்குப் பழகிய பிறகு வெளியே எடுங்கள். நம் மலைகளில் இந்த ஒரு கவனம் பல காட்சிகளைக் காப்பாற்றும்.

ஸ்டோர்_பிள்ளை (தலவாக்கலை)

என் தந்தையார் ஓய்வுபெறும்வரை ஸ்டோரில் ரோலர் பகுதியில் வேலை பார்த்தவர். சிறுவயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கேட்ட சத்தங்கள் இன்றும் என் காதில் இருப்பதால், இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

இயங்கும் ஸ்டோரில் இரவில் சத்தம் வருவது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. பகலில் பறித்த கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பி, இரவு முழுவதும் விசிறிகளை ஓடவிட்டு வாட்டுவார்கள்; வாட்டம் பதமானதும் விடிவதற்கு வெகு முன்பே ரோலர்கள் ஓடத் தொடங்கும். ஆகவே இந்த ஸ்டோர் மூடியது என்பதைப் படத்தின் முதல் காட்சியிலேயே ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டாவிட்டால், எங்கள் பகுதிப் பார்வையாளர் யாரும் பயப்படமாட்டார். அவர்களுக்கு அது வழக்கமான வேலை நேரத்துச் சத்தம்.

மற்றது ரோலரின் ஒலி. கொழுந்து நிறைந்த பெரிய வட்டப் பெட்டி, பித்தளைக் கட்டைகள் பதித்த மேசையின் மேல் சுழன்று அரைக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 45 சுற்று இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கத்தில் பாரம் அழுந்தும் முனகல் ஒன்று வரும். கொழுந்து நிரம்பியிருந்தால் ஒலி அடங்கி இருக்கும். வெறுமையாக ஓடினால் கலகலக்கும். உங்கள் கதையில் ரோலருக்குள் கொழுந்து இருக்கிறதா, இல்லையா என்பதைத் தீர்மானித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். வேலை தெரிந்தவர்கள் அதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மூடிய ஸ்டோருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். அதுவும் சத்தம் போடும் அல்லவா?

தொங்கல்_காம்பரா (கொட்டகலை)

அண்ணா, ஜெனரேட்டரைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. தொலைவிலிருந்து கேட்டால் ரோலரைவிட ஜெனரேட்டர்தானே முதலில் கேட்க வேண்டும்? அப்படியானால் கதையின் அடிப்படையே ஆட்டம் காணுமா?

ஒலிமேசை (கண்டி)

கதை ஆட்டம் காணாது. மாறாக, உங்களுக்கு நல்லதொரு துப்பு கிடைத்திருக்கிறது. மாறாமல் ஒரே சீராக வரும் இரைச்சலை நம் மூளை சிறிது நேரத்தில் கவனத்திலிருந்து தள்ளிவிடும். விட்டுவிட்டு, ஒழுங்கான இடைவெளியில் வரும் ஒலியையே பிடித்துக்கொள்ளும். தலவாக்கலைப் பக்கம் அருவிக்கு அருகே குடியிருப்பவர்கள் அருவி இரைவதை உணர்வதில்லை, ஆனால் அதனூடாக வரும் தொலைதூர நாய்க் குரைப்பை உணர்வார்கள். உங்கள் கதையிலும் லயத்துக்கு அருகே ஓர் அருவி இருக்கட்டும். ஜெனரேட்டரின் சீரான இரைச்சலை அருவியின் இரைச்சலுடன் கலந்து முதல் இரவுக் காட்சியிலிருந்தே மெலிதாக வைத்துவிடுங்கள். ரோலரின் முனகல் மட்டும் அதற்கு மேலே எழட்டும். அவள் ஸ்டோரை நெருங்க நெருங்க, அருவி பின்னால் போய், அதுவரை அருவி என்று நாம் எண்ணியிருந்த இரைச்சலின் ஒரு பகுதி இயந்திரமாக மாறட்டும். பார்வையாளர் அதைத் தொடக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கும்.

இரவில் ஒலி தொலைதூரம் போவதற்கும் காரணம் இருக்கிறது. தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி, அதற்கு மேலே வெப்பமான காற்று நிற்கும். அப்போது மேலே போகும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கு வருகிறது. எதிர்மலையில் பேசுவது இரவில் கேட்பதன் காரணம் அதுவே. அவளுக்கு அந்த ஒலி கேட்பதை உங்கள் மலையே நியாயப்படுத்துகிறது.

கமராக்கண் (கொட்டகலை)

இந்தப் படத்தின் இயக்குநர் நான். ஒலிக்கு இவ்வளவு மதிப்புக் கொடுப்பதை வரவேற்கிறேன், ஆயினும் இசைக்காக வாதாட வேண்டியது என் கடமை. எங்கள் படம் பாடசாலை மண்டபத்திலும் தோட்டத்துக் கலாசார மண்டபத்திலும் காட்டப்படும். பிள்ளைகள் பேசுவார்கள், நாற்காலிகள் இழுபடும், வெளியே பேருந்து போகும். அத்தகைய இடத்தில் வெறும் முனகலையும் அமைதியையும் நம்பி ஒரு திகில் காட்சியை விட முடியுமா?

இசையின் வலிமைக்கு ஒரு சான்றும் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டின் ‘சைக்கோ’ படத்தில் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் எண்ணியிருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளுக்கு மட்டுமே எழுதிய இசையைக் கேட்ட பிறகு மனத்தை மாற்றிக்கொண்டார். இன்று அந்தக் காட்சியை இசை இல்லாமல் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. நாங்கள் மட்டும் ஏன் அந்த வலிமையைக் கைவிட வேண்டும்?

இசை_ஆசிரியை (பதுளை)

தம்பியின் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சான்றையே இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அந்தக் காட்சியின் இசை ஏன் வெட்டுகிறது என்றால், அதற்குச் சற்று முன்பு இசை இல்லை. தாளைப் போட்டுக் கழிவறை நீரைத் திறந்துவிடும் ஒலியும், தண்ணீர் விழும் ஒலியும் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த காதின் மேல் தந்திகள் வந்து விழுகின்றன. முதல் நிமிடத்திலிருந்தே தந்திகள் முழங்கிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் முழங்குவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நம் மொழியிலும் முன்னோடி உண்டு. 1954ஆம் ஆண்டு வெளிவந்த ‘அந்த நாள்’ பாடலே இல்லாத தமிழ்ப்படம். அதை இயக்கிய எஸ். பாலசந்தர் பெரும் வீணைக் கலைஞர். இசையில் தோய்ந்த ஒருவர், ஒரு கொலையின் துப்பைத் தேடும் கதைக்குப் பாட்டு இடையூறு என்று கண்டு அதை விலக்கினார் என்பதை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். எங்கே வாசிக்கக்கூடாது என்று முடிவு செய்வதும் இசையறிவின் பகுதிதான்.

ஆகவே என் ஆலோசனை இது. இசையை முழுவதும் நீக்கவும் வேண்டாம், முழுவதும் பரப்பவும் வேண்டாம். ரோலர் நிமிடத்துக்கு 42 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே உங்கள் இசையின் காலப்பிரமாணமாக எடுத்துக்கொள்ளுங்கள். பகல் காட்சியில் பீலிக்கரையில் (குழாய் நீர் விழும் துறையில்) பெண்கள் துணி அடிக்கும் ஓசை அந்த வேகத்தில் விழட்டும். மாணவி மேசையில் பேனாவால் தட்டுவது அதன் இரட்டை வேகத்தில், அதாவது 84இல் இருக்கட்டும். பின்னர் இசை வரும் இடத்தில் அதே வேகத்தில் ஒரேயொரு தாழ்ந்த சுரம் நீண்டு ஒலிக்கட்டும். அப்போது ரோலர் இசைக்குள் புதையாது. இசைதான் ரோலரிலிருந்து முளைத்ததாகத் தோன்றும். ராகம் என்று வந்தால், முழு ராகத்தையும் விரிக்காமல் சட்ஜத்தையும் சுத்த ரிஷபத்தையும் மட்டும் அருகருகே வைத்துப் பாருங்கள். அரைச்சுர இடைவெளியில் அவை உரசும்போது எழும் அதிர்வு, பல வாத்தியங்கள் செய்யும் வேலையைச் செய்யும். ஒரு ஹார்மோனியமே போதும்.

கமராக்கண் (கொட்டகலை)

டீச்சர் சொன்ன கணக்கு என்னை யோசிக்க வைத்துவிட்டது. பீலிக்கரைக் காட்சியை அந்த வேகத்தில் எடுக்க முடியும். ஆனால் உச்சக்காட்சிக்கு என் மனத்தில் இருப்பது தப்பு என்ற தோற்பறை. அவள் ஸ்டோருக்குள் நுழைந்து ஆபத்தை எதிர்கொள்ளும் நேரத்தில், இழவு வீட்டில் அடிக்கும் அடியைத் தப்பில் அடித்துப் பின்னணியில் வைத்தால், மலையகத்துப் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் உடல் சிலிர்க்கும். அதற்கு ஈடான ஒலி நம்மிடம் வேறு இல்லை.

தப்புப்_பேரன் (மஸ்கெலியா)

இந்த இடத்தில் நான் எழுதாமல் இருக்க முடியாது. என் தாத்தா தப்பு வாசித்தவர். காமன் கூத்துக்கும், திருவிழாவுக்கும், இழவுக்கும் அவர் வெவ்வேறு அடிகள் வைத்திருந்தார். அவற்றைக் கேட்டே அடுத்த தோட்டத்தில் நடப்பது நல்லதா, கெட்டதா என்று எங்கள் தோட்டத்தார் தெரிந்துகொண்டார்கள். அந்தக் கலைக்காகவே எங்கள் குடும்பம் ஒதுக்கியும் வைக்கப்பட்டது. எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் பலர் தப்பைத் தொடக்கூட வெட்கப்படுவதற்கு அதுவே காரணம். கொலைக்கும் பேய்க்கும் பின்னணியாகத் தப்பை அடிக்கும் வழக்கத்தைச் சினிமா ஏற்கெனவே போதுமான அளவு செய்துவிட்டது. மலையகத்துப் பிள்ளைகள் எடுக்கும் படமும் அதையே செய்தால், தப்பு என்றால் அச்சம், தப்பு என்றால் சாவு என்ற எண்ணத்துக்கு நாமே முத்திரை குத்துவதாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தப்பை விலக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கதைக்குள் ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்கிறேன். முற்காலத்தில் விடிகாலையில் லயங்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) அழைத்தது தப்பு. தூங்கும் தோட்டத்தை எழுப்பும் ஒலி அது. உங்கள் கதையிலோ, தூங்குகிறவர்களை எழுப்ப முடியாமல் ஒரு பெண்பிள்ளை தனியாகத் தவிக்கிறாள். காணாமற்போன காவற்காரர் காமன் கூத்தில் தப்பு வாசித்தவராக இருக்கட்டும்; அவருடைய தப்பு அவர் காம்பராச் சுவரில் தொங்கட்டும். கடைசியில் அவள் அந்தத் தப்பை எடுத்து அடித்து லயத்தையே எழுப்பட்டும். முதியவர்கள் அந்த அடியை அடையாளம் கண்டு கதவைத் திறப்பார்கள்.

இதில் உங்களுக்கு வேண்டிய திகிலும் இருக்கிறது. பனிமூட்டத்தில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். அப்படியே அடித்தால் செத்த ஒலிதான் வரும், அடுத்த காம்பராவுக்குக்கூட எட்டாது. தீயில் காட்டிச் சூடேற்றித் தோலை இறுக்கினால்தான் கணீரென்று பேசும். ஆகவே அவள் முதலில் அடிக்கும் அடி எடுபடாமல் போக வேண்டும். பிறகு அவள் மிலாறை (காய்ந்த தேயிலைக் குச்சிகளை) கூட்டி, அடுப்பை மூட்டி, தோல் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் வெளியே ரோலர் நின்றுபோய், காலடிகள் நெருங்கிவரட்டும். விரலால் தட்டித் தட்டி அவள் சுருதியைச் சோதிக்கும்போது, அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பார்வையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். இதைவிடப் பெரிய பின்னணி இசை உங்களுக்கு எதற்கு?

கமராக்கண் (கொட்டகலை)

அண்ணன் எழுதியதை எங்கள் குழுவினர் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். உச்சக்காட்சியை அப்படியே மாற்றி எழுதுகிறோம். இழவு அடி எங்கள் படத்தில் இராது. தப்பைச் சூடேற்றும் காட்சிக்கு இசை வேண்டாம் என்பதையும் முழு மனத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மரை_வெளி (நல்லதண்ணி)

காட்டோரம் குடியிருப்பவன் என்ற முறையில் இரவு ஒலிகளைப் பற்றிச் சிறு குறிப்பு. இணையத்தில் கிடைக்கும் ஓநாய் ஊளையையோ வேறு நாட்டு ஆந்தையையோ எடுத்துப் போட்டுவிடாதீர்கள். இலங்கையில் ஓநாய் இல்லை. நம் மலையில் இரவுக்கு உரியவை மரத்தவளைகளின் டிக் டிக் என்ற ஒலி, சில்வண்டு, தொலைவில் மரை என்னும் பெரிய மான் போடும் எச்சரிக்கைக் குரல் ஆகியவையே. சிறுத்தையின் குரல் உறுமலாக இராது. மரம் அறுக்கும் வாள் முன்னும் பின்னும் போவது போலிருக்கும். அதைக் காட்டினால் சிறுத்தை கதைக்குள் வந்தாக வேண்டும் என்பதால், வேண்டாம் என்பதே என் கருத்து. தவளைகளும் வண்டுகளும் போதும். ஆள் நடந்து வரும்போது அவை வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தைப் பயன்படுத்துங்கள்.

தொங்கல்_காம்பரா (கொட்டகலை)

அனைவருக்கும் நன்றி. தவளைகள் நின்றுபோகும் இடத்தைக் காலடி நெருங்கும் காட்சியில் வைத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் மீதியிருக்கின்றன. தாயும் மகளும் வாக்குவாதப்படும் காட்சி மழையில் நடக்கிறது, தகரக் கூரையின் கீழே பேச்சை எவ்வாறு பதிவு செய்வது? அடுத்தது, மண்டபத்தில் காட்டிய பிறகு படத்தை யூடியூப்பிலும் ஏற்றுவோம். பெரும்பாலானோர் கைபேசியில்தான் பார்ப்பார்கள். ரோலரின் தாழ்ந்த முனகல் அதில் கேட்குமா?

ஒலிமேசை (கண்டி)

மழையை முதலில் எடுத்துக்கொள்வோம். தகரத்தில் விழும் மழை எல்லா அலைவரிசைகளிலும் பரவிய இரைச்சல். நாம் ஒரு சொல்லை இன்னதென்று பிரித்தறிய உதவும் வல்லின மெய்களின் கூர்மை ஏறத்தாழ 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது; மழை அதையே மூடும். உண்மையான மழையில் பதிவு செய்த பேச்சை எந்த மென்பொருளாலும் முழுவதுமாக மீட்க முடியாது. ஆகவே பேச்சை மழையில்லாத நேரத்தில் எடுங்கள், மழையைத் தனியே பதிவு செய்து பின்னர் சேருங்கள்.

ஆனால் இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மழைக்குள் பேசுகிறவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார், சொற்களை நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அமைதியான காம்பராவில் தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் பிறகு மழையைச் சேர்த்தால், அது ஒட்டவைத்தது என்பது உடனே தெரிந்துவிடும். ஒத்திகையின்போது பதிவு செய்த மழையை ஒலிபெருக்கியில் உரக்க ஓடவிட்டு, அதற்கு மேலே பேசிப் பழகச் சொல்லுங்கள். அந்தக் குரல் அவர்களுக்குப் படிந்ததும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுக் காட்சியை எடுங்கள். சேர்க்கும்போது, காட்சியின் தொடக்கத்தில் மழை முழு வலுவுடன் இருக்கட்டும். பேச்சு தொடங்கியதும் நான் சொன்ன அந்தப் பகுதியை மட்டும் மழையிலிருந்து சிறிது குறைத்துவிடுங்கள். மழை குறைந்ததாக யாருக்கும் தோன்றாது.

மழை எப்போது நிற்கிறது என்பதையும் ஓர் இசைக்குறிப்பைப் போலவே திட்டமிட வேண்டும் என்று நான் கருதுகிறேன். வாக்குவாதம் உச்சத்தில் இருக்கும்போது மழை ஓய்கிறது. தகரத்தின் ஓரத்திலிருந்து கானுக்குள் (வடிகாலுக்குள்) சொட்டும் துளிகள் மட்டும் மிஞ்சுகின்றன. தாயார் படுக்கப் போய்விடுகிறார். அதன் பிறகு, அந்தத் துளிகளுக்கு இடையே, ரோலரின் முதல் முனகல். பல நிமிடங்கள் மழையைக் கேட்ட காது அந்த நேரத்தில் மிகச் சிறிய ஒலிக்கும் தவித்துக்கொண்டிருக்கும். படத்தில் ரோலர் முதன்முறை கேட்க வேண்டிய இடம் இதுவே.

கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றைப் பெரும்பாலும் தராது. ரோலரின் பார முனகலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆகவே பாரத்துடன் சேர்ந்து வரும் ஒரு கிரீச்சொலியையும் பதிவு செய்யுங்கள். துருப்பிடித்த இரும்புக் கீல் ஒன்று போதும். 1 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே ஒலிக்கும் அது எந்தக் கைபேசியிலும் கேட்கும். மண்டபத்தில் பார்ப்பவர் பாரத்தை உடலால் உணர்வார், கைபேசியில் பார்ப்பவர் கிரீச்சொலியைப் பற்றிக்கொள்வார். சேர்த்து முடித்த பிறகு மூன்று இடங்களில் கேட்டுப் பாருங்கள்: நல்ல ஹெட்ஃபோனில், மலிவான கைபேசியில், படத்தைக் காட்டப்போகும் அதே மண்டபத்தில். இவற்றில் மண்டபச் சோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். சீமெந்துச் சுவர்களும் தகரக் கூரையும் உள்ள மண்டபம் எல்லாவற்றையும் எதிரொலித்துக் குழப்பும். அங்கே பேச்சு விளங்கவில்லையென்றால் பின்னணி ஒலிகளைக் குறையுங்கள். பேச்சை மேலும் உயர்த்தினால் எதிரொலியும் சேர்ந்தே உயரும்.

எல்லா வேலைகளையும் டாவின்சி ரிசோல்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் உள்ள ஃபேர்லைட் என்ற ஒலிப் பகுதியிலேயே செய்துவிடலாம். சம்பந்தப்பட்ட கணினிக்கு அது பாரமாக இருந்தால் ஒலித்துண்டுகளை ஓடாசிற்றி என்ற இலவச ஒலி மென்பொருளில் சீர்செய்யலாம். இரவில் லயத்தில் பதிவு செய்யும்போது குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிடுங்கள், சாஜர்களைக் கழற்றிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 50இலும் 100இலும் வரும் இரைச்சல் உங்கள் தாழ்ந்த சுரத்தைக் கெடுத்துவிடும்.

இசை_ஆசிரியை (பதுளை)

பகல் காட்சியில் கடை வானொலியில் சினிமாப் பாட்டு ஓடுவதாகத் திரைக்கதையில் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்பின் உரிமை, ஆக்கியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. பின்னணியில் மெலிதாகக் கேட்டாலும் யூடியூப் அதைக் கண்டுபிடித்துவிடக்கூடும். அங்கே பாட்டு வேண்டுமானால், தோட்டத்தில் உள்ள ஒரு பாட்டியிடம் அனுமதி பெற்று, அவர் அறிந்த தாலாட்டு ஒன்றைப் பாடச்சொல்லிப் பதிவு செய்யுங்கள்; அவருக்கு உரியதைக் கொடுங்கள். ஃப்ரீசவுண்ட் போன்ற தளங்களிலிருந்து எடுக்கும் ஒலிகளுக்கும் ஒவ்வொன்றின் உரிமக் குறிப்பையும் வாசியுங்கள். சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும், சிலவற்றைப் பணம் ஈட்டும் படத்தில் பயன்படுத்தக்கூடாது.

தொங்கல்_காம்பரா (கொட்டகலை)

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய எல்லோருக்கும் எங்கள் குழுவின் நன்றி. இயக்குநரும் நானும் அமர்ந்து எடுத்த முடிவுகளை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் காட்சியில் ஸ்டோரின் பூட்டு, உடைந்த கண்ணாடிகள், புல் முளைத்த கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) ஆகியவற்றை இசையின்றிக் காட்டுகிறோம். பீலிக்கரையில் துணி அடிக்கும் வேகம் ரோலரின் வேகமாக இருக்கும். அதற்காக முதலில் ஓர் இயங்கும் ஸ்டோருக்குப் போய், அனுமதி பெற்று, ரோலரை அளந்து பதிவு செய்வோம். தாயார் காது கொடுக்கும் காட்சியில் பார்வையாளருக்கு ரோலர் கேட்கும். இதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. அவளைச் சந்தேகிக்க வைப்பதைவிட, அவளுடன் நம்மை நிற்க வைப்பதே இந்தக் கதைக்கு நேர்மையானது என்று முடிவு செய்தோம். ஹார்மோனியத்தின் இரண்டு சுரங்கள் இரண்டே இடங்களில் வரும்: காவற்காரரின் வெறும் காம்பராவை அவள் முதன்முறை திறக்கும்போதும், ஸ்டோரை நோக்கி ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போதும். ஸ்டோரிலிருந்து அவள் தப்பி ஓடிவந்த பிறகு படம் முடியும்வரை இசை இல்லை. மிலாறு எரிவது, தவளைகள் நிற்பது, காலடி, தப்பு, கதவுகள் திறப்பது ஆகியவை மட்டுமே.

தப்புப் பேரன் அண்ணாவிடம் ஒரு வேண்டுகோள். பெரட்டுக்கு அழைக்கும் அடியை எங்கள் நடிகைக்குக் கற்றுக்கொடுக்கக்கூடியவர் யாரையாவது காட்டித் தருவீர்களா?

தப்புப்_பேரன் (மஸ்கெலியா)

நானே வருகிறேன், தங்கச்சி. எங்கள் தோட்டத்தில் அந்த அடியை அறிந்த பெரியவர் ஒருவரும் இருக்கிறார். அவருக்கு மலையேற முடியுமானால் அவரையும் அழைத்துவருகிறேன். அந்தப் பெண்பிள்ளை தேர்ந்த கலைஞரைப் போல அடிக்க வேண்டியதில்லை. சிறுவயதில் காவற்காரர் அடிப்பதைப் பார்த்துப் பழகியவள் அடிப்பதைப் போல, தடுமாறித் தொடங்கிப் பின் பிடித்துக்கொண்டால் போதும்.

பதிவுக்கு ஒரே அளவான இரண்டு தப்புகளைக் கொண்டுவருவேன். ஒன்றைப் பதிவு செய்யும்போது மற்றது தீயருகே இருக்க வேண்டும். குளிரில் தோல் மிக விரைவாகத் தளரும் என்பதால், ஒவ்வொரு முறையும் சூடு ஆறுவதற்குள் அடித்து முடிக்காவிட்டால் ஒரு துண்டின் சுருதி மற்றதுடன் சேராது. தளர்ந்த தோலின் முதல் அடியை மட்டும் கடைசியில் எடுப்போம், அதற்குத் தப்பை வெளியே பனியில் வைத்தாலே போதும். மைக்கைத் தப்பின் முகத்துக்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து, ஓர் ஆள் தூரத்தில் வையுங்கள். இன்னொரு ரெக்கோடரையோ கைபேசியையோ எதிர் லயத்தின் இஸ்தோப்பில் வைத்துவிடுங்கள்; மக்கள் விழித்தெழும் காட்சிக்கு அங்கிருந்து கேட்கும் ஒலிதான் வேண்டும். எழுத்தோட்டத்தில் என் பெயர் வேண்டாம், பெரியவரின் பெயரை மட்டும் போடுங்கள்.